பட்டறைக் கேள்வி பதில்: கிட் காருக்குக் கருவி வாங்குவதா, இரவல் கேட்பதா?

சென்ற இதழில் கிட் கார் பற்றி வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை காரைப் பற்றிக் கேட்கவில்லை. கருவிகளைப் பற்றியே கேட்கின்றன. சேசிஸ் என்னும் அடிச்சட்டம், உடல் தகடுகள், சஸ்பென்ஷன், வயரிங் என்று பெட்டிகளில் அடைத்து அனுப்பப்படும் உதிரிகளை வாங்கியவரே வீட்டில் கோத்து முடிக்கும் வண்டிக்குத்தான் கிட் கார் என்று பெயர் என்பதைப் புதிய வாசகர்களுக்கு நினைவூட்டிவிட்டு, இம்முறை கருவிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: லோட்டஸ் செவன் பாணியில் அமைந்த இரண்டு இருக்கை கிட் ஒன்றை இங்கிலாந்திலிருந்து தருவிக்க நானும் என் தம்பியும் பணம் சேர்த்து வருகிறோம். எங்களுடையது 20 அடி அகலமுள்ள வரிசை வீடு. கார் போர்ச்சுதான் பட்டறை. பழைய புரோட்டோன் சாகாவைப் பழுதுபார்த்த காலத்து ஸ்பேனர் பெட்டி ஒன்று கைவசம் உள்ளது. வேறு எதை வாங்க வேண்டும், எதை இரவல் பெறலாம்?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: முதல் வேலை கருவிக் கடையில் இல்லை, ஜே.பி.ஜே. என்னும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் பதிவு செய்யப்படாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இடம் தராது. வீட்டில் கட்டிய கார்களுக்கென்றே பிரிட்டனில் தனி ஒப்புதல் சோதனை இருக்கிறது. அதில் தேறக்கூடிய கிட் என்று விற்பனையாளர் சொல்வது அங்கே செல்லும், இங்கே ஜே.பி.ஜே.யின் முடிவே செல்லும். நீங்கள் தருவிக்க நினைக்கும் கிட்டின் விவரத்தை எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். பதிவே கிடைக்காத வண்டிக்கு ஸ்பேனர் வாங்குவது வீண்.

இனி கருவிக்கு வருவோம். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன், வீட்டில் கோப்பதற்கென்றே விற்கப்பட்ட கார். முழுக் காருக்கு அக்காலப் பிரிட்டனில் விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரிகளாக விற்ற காருக்கு இல்லை. ஆனால் கோக்கும் முறையை விளக்கும் கையேட்டையும் சேர்த்து விற்றால் அந்தச் சலுகை போய்விடும் என்பதால், காரைப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, வாங்கியவரைப் பின்னாலிருந்து முன்னாகப் படித்துக்கொள்ளச் செய்தார்கள் என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை மறைந்தது. அதே ஆண்டில் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. (அந்த நிறுவனம் 2011 முதல் 2021 வரை நம் நாட்டுத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸின் கையில் இருந்தது என்பது பலருக்கும் மறந்திருக்கும்.) இந்த வரலாற்றைச் சொல்லக் காரணம் உண்டு. செவன் வகைக் கார்கள் தொழிற்சாலை இயந்திரம் இல்லாத மனிதனுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆகவே கருவிப் பட்டியல் நீங்கள் அஞ்சும் அளவுக்கு நீளாது.

ஒரு கருவியை வாங்குவதா, இரவல் பெறுவதா என்று தீர்மானிக்கப் பலரும் அதன் விலையைப் பார்க்கிறார்கள். அதை இரண்டாவதாகப் பாருங்கள். பாதியில் நிற்கும் உங்கள் வேலையோடு அந்தக் கருவி எத்தனை நாள் காத்துக்கிடக்க வேண்டும் என்பதும், அது தவறு செய்தால் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியுமா என்பதும்தான் முதலில் கேட்க வேண்டியவை. ஒரு பிற்பகலில் வேலை முடிந்து திரும்பிப் போய்விடும் கருவியை, எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இரவல் பெறலாம். நாள்தோறும் கை தேடும் கருவியையும், தவறை மறைத்து வைக்கும் கருவியையும், அது மலிவோ விலையோ, சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஸ்பேனர் பெட்டியை இந்தக் கண்ணோடு திறந்து பாருங்கள். 1985இல் வந்த சாகா மிட்சுபிஷி காரை அடிப்படையாகக் கொண்டது. ஜப்பானிய முறையில் எம் 8 (அதாவது தண்டு 8 மி.மீ. பருமனுள்ள) போல்ட்டின் தலை 12 மி.மீ., எம் 10 போல்ட்டின் தலை 14 மி.மீ. ஐரோப்பியக் கிட்டில் அதே எம் 8 போல்ட்டுக்கு 13 மி.மீ. தலை இருக்கும், எம் 10க்கு 16 அல்லது 17 மி.மீ. வரும். சாகாவுக்கு என்று சேர்த்த பெட்டியில் 10, 12, 14, 17 எல்லாம் தேய்ந்து பளபளக்க, 13 மி.மீ. மட்டும் புதிதாகவோ காணாமலோ இருப்பதை நீங்களே காண்பீர்கள். கிட்டில் மிகுதியாக உழைக்கப்போவது அந்த 13தான். சாக்கெட்டில் ஒன்று, ரிங் ஸ்பேனரில் இரண்டு என்று வாங்கிவிடுங்கள். ஒன்று போல்ட்டின் தலையைப் பிடிக்க, மற்றொன்று மறுபக்கத்து நட்டைப் பிடிக்க. சாக்கெட் பன்னிரு முனை வேண்டாம், அறுமுனையாக இருக்கட்டும்; போல்ட் தலையின் மூலைகளை அது அரிக்காது.

மில்லிமீட்டரில் செய்யப்பட்ட காரிலும் ஓர் அங்குல மரை ஒளிந்திருக்கும். இருக்கை வார்களைப் பிணைக்கும் போல்ட்டுகள் உலகெங்கும் பெரும்பாலும் 7/16 அங்குல யூ.என்.எஃப். என்னும் நுண்மரை கொண்டவை. அந்த இடத்தில் மில்லிமீட்டர் போல்ட்டை வலிந்து திருகி மரையைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பொடிப்பூச்சு அடைத்த மரையைச் சுத்தம் செய்ய அந்த அளவில் டேப் என்னும் மரை வெட்டும் கருவி ஒன்றை மட்டும் வாங்கி வையுங்கள். முழு டேப் பெட்டி தேவையில்லை.

சொந்தமாக வாங்க வேண்டியவற்றில் தலையாயது ஜாக் ஸ்டாண்டு, நான்கு. சேசிஸ் மாதக்கணக்கில் அவற்றின்மேல்தான் நிற்கும். யாரும் மாதக்கணக்கில் இரவல் தரமாட்டார்கள், தந்தாலும் அவற்றின் கடந்த காலம் உங்களுக்குத் தெரியாது. 2020இல் அமெரிக்காவில், சுமை அசையும்போது பற்கள் நழுவி ஸ்டாண்டு திடீரென இறங்கக்கூடும் என்று கண்டறியப்பட்டு, லட்சக்கணக்கான ஸ்டாண்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பற்களுக்குப் பதில் துளையில் குறுக்கே ஊசி செருகும் வகையை வாங்கினால் அந்தக் கவலை இல்லை. டிராலி ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் வண்டிக்கு அடியில் வைக்கும் வழக்கத்தை உங்கள் போர்ச்சுக்குள் விடாதீர்கள்.

அடுத்து, வயர் முனைகளை நெரிக்கும் ராட்செட் கிரிம்பர். சாதாரணக் குறட்டால் நெரித்த முனையும் நல்ல கிரிம்பரால் நெரித்த முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆறு மாதம் கழித்து மழை நாளில், ஜாலான் ஈப்போ நெரிசலில், விளக்கு அணையும்போதுதான் வேறுபாடு தெரியும். கிரிம்பரையும், அதன் தாடைக்குப் பொருந்தும் முனைகளையும் ஒரே கடையில் வாங்குங்கள். பூடுவில் உள்ள ஜாலான் பாசார் கடைகளில் மின்பொருள்கள் தனித்தனியாகக் கிடைக்கும். கையிலுள்ள வயரில் ஒரு துண்டை எடுத்துச் சென்று, அங்கேயே ஒரு முனையை நெரித்து, பலமாக இழுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

துளையிடும் பிட்டுகளை யாரிடமும் இரவல் கேட்காதீர்கள்; அவை தேய்ந்து தீரும் பொருள். தகடுகளைப் பிணைக்கும் 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ., 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 3.3 மி.மீ. என்று அந்த இரண்டு அளவில் மட்டும் பல பிட்டுகள் வாங்குங்கள். 5 மி.மீ. பிட்டு போதாதா என்று கடைக்காரர் கேட்பார்; துளை தளர்ந்தால் ரிவெட்டும் தளரும்.

பேரிங் அழுத்தும் பிரஸ், சேசிஸ் வெல்டிங், பிரேக் குழாய் முனை விரிக்கும் வேலை ஆகியவற்றுக்குக் கருவியை வாங்கவும் வேண்டாம், இரவல் கேட்கவும் வேண்டாம். பொருளைப் பட்டறைக்கு எடுத்துச் சென்று வேலையை முடித்து வாங்கி வாருங்கள். வெல்டிங்கில் தவறு செய்தால் அது பூச்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆகவே அது கற்றவர் கைக்கே உரியது.

கேள்வி: நண்பர் ஒருவரின் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி வேலையை முடித்துவிடலாமா? சொந்தமாக வாங்கினால் அரை அங்குலம் ஒன்று போதுமா?
(வாசகர், கெப்போங், கோலாலம்பூர்)

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே என் பதில்.

போல்ட் எவ்வளவு இறுகியது என்பதைக் கண் காணாது. நாம் குறித்து வைத்த இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்சு எழுப்பும் 'கிளிக்' என்ற ஓசையை நம்பித்தான் கையை எடுக்கிறோம். அந்த ஓசை பொய் சொன்னால் சஸ்பென்ஷன் போல்ட் தளர்ந்தோ, தேவைக்கு மேல் இழுபட்டோ நிற்கும். வண்டி ஓடும்வரை தெரியாது. நண்பர் அந்த ரெஞ்சால் துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றினாரா, வேலை முடிந்ததும் இறுக்க அளவைக் கீழே இறக்காமல் 120 நியூட்டன் மீட்டரில் விட்டு ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்தாரா, மாடிப்படியில் தவறவிட்டாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அவருக்கே நினைவிருக்காது.

ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தரநிலையின்படி, வழக்கமான கிளிக் வகை ரெஞ்சில் பிழை கூடவும் குறையவும் 4 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். 12 மாதங்களுக்கு ஒரு முறையோ, 5,000 முறை இறுக்கிய பின்னோ, எது முந்துகிறதோ அப்போது சரிபார்க்க வேண்டும். நீங்கள் ஆண்டுதோறும் சரிபார்க்கப்போவதில்லை என்பது தெரியும். வண்டியை முதன்முறை சாலையில் இறக்குவதற்கு முன்பாவது ஒரு முறை சரிபாருங்கள். ஷா ஆலாம், பாயான் லெப்பாஸ் போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டி அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

அரை அங்குல ரெஞ்சுகள் (சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவு அது) பெரும்பாலும் 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை அளப்பவை. எம் 6 போல்ட்டுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர். கிளிக் கேட்கும் என்று காத்திருந்து இழுத்துக்கொண்டே போனால் முதலில் கேட்பது அலுமினிய மரை உரியும் ஓசைதான். ஆகவே சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் அரை அங்குலம் ஒன்று, எஞ்சினின் சிறு போல்ட்டுகளுக்கு 3/8 அல்லது 1/4 அங்குலம் ஒன்று என்று இரண்டு வேண்டும். பணம் இரண்டுக்கும் போதாதென்றால் பெரியதை வாங்கிக்கொண்டு சிறியதற்கு அடுத்த மாதச் சம்பளம்வரை பொறுங்கள். இடையில் சிறு போல்ட்டுகளைக் கையால் முடுக்கி மட்டும் வைத்து, ரெஞ்சு வந்ததும் ஒரே நாளில் இறுக்கிக்கொள்ளலாம். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின்மீதும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை அந்தக் கோடு சொல்லும். பின்னர் போல்ட் சுழன்றிருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும்.

பிரிட்டிஷ் கையேடுகளில் அளவு பவுண்டு அடியில் இருந்தால் 1.356ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 55 பவுண்டு அடி என்பது ஏறத்தாழ 75 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் கைப்பிடியில் இரண்டு அளவுகோலும் பொறிக்கப்பட்டிருக்கும். மாலை வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் படித்துவிடுவது எளிது.

கேள்வி: என் மைத்துனருக்குப் பிறையில் கார் பட்டறை உண்டு. எஞ்சின் தூக்கும் கிரேனும் அங்கே இருக்கிறது. கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் என் மனைவி, "அண்ணனிடம் கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள்" என்கிறார். இதற்காகப் புதிய கிரேன் வாங்குவது நியாயமா?
(வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு)

பதில்: கிரேன் வாங்குவது நியாயமில்லை; உங்கள் மனைவி சொல்வதும் தவறில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் வழி காண வேண்டும்.

கிட் காரில் எஞ்சின் ஒரு முறைதான் உள்ளே இறங்கும். அளவு பொருந்தாமல் மீண்டும் தூக்கினால் இன்னொரு முறை. அதற்காக ஒரு கிரேனை வாங்கி, எஞ்சிய காலமெல்லாம் போர்ச்சில் துணி காயப்போடும் கம்பமாக வைத்திருப்பதில் பொருளில்லை. ஆனால் உங்கள் மைத்துனருக்கு அந்தக் கிரேன் பொழுதுபோக்குப் பொருளன்று, சோறு போடும் பொருள். "கடன் அன்பை முறிக்கும்" என்று மளிகைக் கடையில் எழுதி வைப்பது பணத்துக்கு மட்டும் சொன்னதில்லை. பட்டறை அடைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கேளுங்கள். திங்கள் காலை அவர் கதவைத் திறக்கும்போது கிரேன் அதன் இடத்தில் நிற்க வேண்டும்.

அப்படி ஒரே நாளில் முடிய வேண்டுமென்றால் ஏற்பாடு முழுவதும் அதற்கு முந்திய வாரங்களில் முடிந்திருக்க வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் இணைந்திருக்க வேண்டும். இணைப்பதற்கு முன் கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மெண்ட் கருவி தேவை. அது மலிவானது, வாங்கிவிடுங்கள். எஞ்சின் மவுண்டுகள் சேசிஸில் பொருத்தப்பட்டு, அவற்றின் போல்ட்டுகள் ஒரு தட்டில் எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ் எந்த உயரத்தில் நின்றால் கிரேனின் கால்கள் அதற்கு அடியில் நுழையும் என்பதை முந்திய வாரமே பட்டறைக்குப் போய் அளந்து வாருங்கள். கிரேன் வந்த பிறகு கால்கள் ஜாக் ஸ்டாண்டில் இடிப்பதைக் கண்டு தலையைச் சொறிபவர்கள் மிகப் பலர்.

கிரேனின் கையை நன்றாகப் பாருங்கள். உள்ளிருந்து வெளியே நீளும் அந்த இரும்புக் கையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். இரண்டு டன் கிரேன் என்று சொல்வது கை முழுவதும் உள்ளே இருக்கும்போதுதான். வெளியே இழுக்க இழுக்க அது ஒன்றரை டன், ஒரு டன், கடைசித் துளையில் அரை டன் என்று இறங்கும். செவன் வகைக் காரின் மூக்கு நீளமானது. எஞ்சின் பின்தள்ளி உட்காரும். ஆகவே நீங்கள் கடைசித் துளையைத்தான் நாட வேண்டியிருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 150 கிலோவுக்கு மேல் இருந்தாலும் அரை டன்னுக்குள் அடங்கும். கணக்கு சரிதான், எனினும் எண்ணைப் படித்துவிட்டே தூக்குங்கள். கியர்பாக்ஸின் வால் முதலில் இறங்க வேண்டியிருப்பதால், சாய்வை மாற்றும் லெவலர் ஒன்றையும் அதே நாளில் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். தானாக இறங்கினால் ஹைட்ராலிக் சீல் கசிகிறது. சேசிஸுக்கு மேல் கொண்டுபோகாமல் மைத்துனரைக் கூப்பிடுங்கள். உண்மையில் அவரை முதலிலேயே கூப்பிட்டுவிடுவதுதான் நல்லது. கருவியை மட்டும் கொடுத்தனுப்பிய பட்டறைக்காரருக்கு நாள் முழுவதும் மனம் அதன்மேலேயே இருக்கும். மதிய உணவுக்கு அழைத்து, கிரேனின் கைப்பிடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால் வேலை செய்யும் இருவரில் ஒருவர் வேலை தெரிந்தவராக இருப்பார். உங்கள் மனைவிக்கும் அண்ணன் விருந்துக்கு வந்ததாக ஆகும்.

அவருடைய ஸ்பேனரையும் சாக்கெட்டையும் மட்டும் எந்நாளும் கேட்காதீர்கள். ஒரு 10 மி.மீ. சாக்கெட் குறைந்து திரும்பினால் அவர் வாய் திறந்து கேட்கமாட்டார், மறக்கவும் மாட்டார்.

கேள்வி: லோரோங் கூலிட் சந்தையில் பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் கிட் காருக்குப் பிரிட்டிஷ் ஸ்பேனர் பொருத்தம்தானே?
(வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு)

பதில்: அந்த ஸ்பேனர்களின் எஃகு நல்ல எஃகுதான், உங்கள் காருக்குத்தான் அவை பொருந்தா. கையில் எடுத்து அதன் தலையைத் திருப்பிப் பாருங்கள். '3/8 டபிள்யூ' என்றோ 'பி.எஸ்.' என்றோ பொறித்திருந்தால் அது விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அங்குல முறையின் அளவு. அந்த எண் ஸ்பேனர் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. போல்ட் தண்டின் பருமனைக் குறிப்பது. ஆகவே 3/8 என்று எழுதியிருந்தாலும் வாய் அதைவிட மிகப் பெரியதாக இருக்கும். பழைய ஈயச் சுரங்க இயந்திரங்களுக்கும் துறைமுகப் பட்டறைகளுக்கும் ஏற்றவை அவை. இன்றைய கிட் மில்லிமீட்டரில் வருகிறது.

பழைய சந்தையில் எடுக்கத் தகுந்தவை வேறு. பெஞ்ச் வைஸ், பந்துத் தலைச் சுத்தியல், சி கிளாம்ப், அரம் பிடிக்கும் மரக்கைப்பிடி, இரும்புச் சதுரக்கோல் ஆகியவை பழையதாக இருந்தாலும் குறையில்லை. வைஸ் பழையதாக இருப்பதே மேல். வாங்கும்போது வைஸின் தாடைகளை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணியைப் பாதி திறந்து முன்தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுத்தியல் தலையின் விளிம்பு சிதைந்து காளான்போல் விரிந்திருந்தால் வேண்டாம். அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

ராட்செட் கைப்பிடி, டார்க் ரெஞ்சு, ஜாக், ஜாக் ஸ்டாண்டு இவற்றைச் சந்தையில் தொட்டும் பார்க்க வேண்டாம். குறுக்குத் தலை ஸ்குரூடிரைவரிலும் கவனம் வேண்டும். ஜப்பானிய ஸ்குரூவின் குறுக்கு வெட்டும் பிலிப்ஸ் வெட்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. ஜப்பானியக் காரிலிருந்து எடுத்த உதிரிகளைப் பிலிப்ஸ் டிரைவரால் திருகினால் முனை எகிறி வெட்டு மழுங்கிவிடும்.

பினாங்குத் தீவின் கடற்காற்றில் பழைய இரும்பு வாங்கிய வாரமே மீண்டும் துருப்பிடிக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்ந்தபின் மெல்லிய எண்ணெய் பூசி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: வெல்டிங் இயந்திரமும் கம்ப்ரஸரும் வாடகைக்கு எடுக்க எண்ணுகிறேன். வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் ஓடுமா?
(வாசகர், செராஸ், கோலாலம்பூர்)

பதில்: 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தரக்கூடியது ஏறத்தாழ 3,000 வாட், அதுவும் தொடர்ந்து இழுத்தால் பிளக் சூடாகும். சிறிய கம்ப்ரஸர் ஓடும். வெல்டிங் இயந்திரம் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் பின்புறத் தகட்டில் படித்துவிட்டுத்தான் வாடகைச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். சேசிஸை வீட்டில் வெல்டிங் செய்ய வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டதால், அந்த இயந்திரத்தின் வாடகையை மிச்சப்படுத்துங்கள்.

கம்ப்ரஸருக்கு நீட்டிப்பு வயர் பயன்படுத்தினால் சுருளை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். சுருண்ட வயரில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பிளக்கில் சிரிம் தரச்சான்று முத்திரை இல்லாத வாடகைப் பொருளைத் திருப்பி அனுப்புங்கள். காற்று நீளக் குழாயில் போகும், மின்சாரத்தைவிட எளிதாக. கம்ப்ரஸரைப் பின்கட்டில் வைத்துக் காற்றுக் குழாயை முன்னே இழுப்பது பக்கத்து வீட்டாரின் காதுக்கும் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் தொட்டிக்குள் நீர் நிறையச் சேரும். மாலையில் அடியிலுள்ள வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள்.

கேள்வி: நானும் என் அப்பாவும் ஒரு கிட் காரைத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) அப்பாவின் நண்பர்கள் இருவர் பழைய கார்களைப் புதுப்பிக்கிறார்கள். மூன்று குடும்பமும் சேர்ந்து கருவி வாங்கலாமா? மாமா ஒருவர், "கூட்டுச் சொத்து குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார்.
(வாசகி, புக்கிட் மெர்தாஜம், பினாங்கு)

பதில்: மாமா சொல்வது நிலத்துக்குப் பொருந்தும். கருவியில், எது ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் தேவைப்படாதோ அதைக் கூட்டாக வாங்கலாம்.

உங்கள் காருக்கு அப்படி முதலில் நினைவுக்கு வருவது காற்றால் இயங்கும் ரிவெட் துப்பாக்கி. அலுமினியத் தகடுகளைச் சேசிஸில் பொருத்த நூற்றுக்கணக்கில் ரிவெட் அடிக்க வேண்டியிருக்கும். கைக்குறடு வகைத் துப்பாக்கியால் அடித்தால் அன்று மாலை தேநீர்க் குவளையைப் பிடிக்க விரல் மடங்காது. துப்பாக்கி கூட்டுக் கருவியாக இருக்கலாம். ஆனால் தகடு பொருத்தும் வேலையை இடையில் நிறுத்த முடியாது என்பதை மற்ற இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலுமினியமும் எஃகும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் ஈரம் பட்டு அலுமினியம் அரிக்கும். அதைத் தடுக்க இடையில் சீலன்ட் பூசுகிறோம். சீலன்ட் பூசிய தகட்டை அது காய்வதற்குள் ரிவெட் அடித்து முடிக்க வேண்டும். பாதித் தகட்டில் துப்பாக்கியைக் கேட்டு ஆள் வந்து நின்றால் சீலன்ட் உங்களுக்காகக் காத்திராது.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் அந்த இருவருக்கும் அடிக்கடி தேவைப்படுவது பந்து மூட்டைப் பிரிக்கும் கருவியும் ஸ்பிரிங் அமுக்கியும். உங்கள் புதிய உதிரிகளுக்கு இவை ஏறக்குறையத் தேவையே இல்லை. அவற்றில் நீங்கள் பங்கு போட வேண்டாம். பிரேக் குழாய் முனை விரிக்கும் ஹைட்ராலிக் கருவியைத் தனியாக வாங்க வேண்டாம் என்று மேலே சொன்னேன்; மூவரும் சேர்ந்து வாங்கினால் பட்டறைக் கூலி மிஞ்சும். ஆனால் இரட்டை மடிப்பு முனையும் குமிழ் முனையும் வெவ்வேறு அச்சில் வருபவை, உங்கள் கிட்டுக்கு எது வேண்டும் என்று பார்த்து இரண்டுக்கும் அச்சுள்ள பெட்டியை வாங்குங்கள். முதலில் வெட்டுக் குழாய்த் துண்டுகளில் பழகி, முனையில் வெடிப்போ கோணலோ இல்லை என்று கண்டபின் காரின் குழாயைத் தொடுங்கள். வெளிநாட்டுக் கடையில் இணையவழி வாங்குவதானால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கூட்டுக் கருவியை ஒரே வீட்டில் வையுங்கள். உங்கள் அப்பா வீட்டிலிருப்பவரானால் உங்கள் வீடே ஏற்றது. சுவரில் ஒரு பழைய நாள்காட்டியைத் தொங்கவிட்டு, எடுத்துச் செல்பவர் அந்தத் தேதியில் தம் பெயரை எழுதட்டும். கருவியைத் திருப்பித் தரும்போது அந்தப் பெயரைத் தம் கையாலேயே அடித்து நீக்கட்டும். பிட்டும் கிரைண்டர் தட்டும் கூட்டில் வேண்டாம், அவரவர் சொந்தம். யாருடைய கார் முதலில் முடிகிறதோ அவர் விலகும்போது தம் பங்கை எந்த விலைக்கு மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பார் என்பதைக் கருவி வாங்கும் நாளிலேயே, ரசீதின் பின்புறத்தில், மூவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாமாவையும் சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொல்லலாம்.